வரப்புக்கு யார் சாட்சி?

தமிழ்நாட்டின் எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு மனு ஓயாமல் வந்துகொண்டிருக்கும்: நிலத்தை அளந்து அத்து காட்டித் தர வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைச் சீவிக்கொண்டே வருகிறார், அண்ணன் தம்பி பாகத்தில் கிழக்கே குறைகிறது, சர்வே கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்று காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். நில அளவர் வருவார், சங்கிலியோ டேப்போ பிடிப்பார், கல் நடுவார். இப்போது அந்தச் சங்கிலியின் வேலையைச் செயற்கைக்கோள் எடுத்துக்கொள்கிறது. கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவோடு நிற்கும் 'ரோவர்' கருவி, சில நொடிகளில் ஓரிரு சென்டிமீட்டர் பிசகுக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இனி எல்லைத் தகராறே இருக்காது என்ற பேச்சும் கூடவே கிளம்பியிருக்கிறது.

அந்தப் பேச்சை அப்படியே ஏற்க முடியாது. கருவி நிற்கும் இடம் பூமியில் எங்கே என்று அது சொல்லும். அந்த இடம்தான் எல்லையா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

இந்த மண்ணுக்கு நில அளவை புதிதல்ல. முதலாம் ராஜராஜன் தன் 17-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1001 வாக்கில், சோழ நாட்டை அளக்கச் செய்தான். முதலாம் குலோத்துங்கன் 1086-ல் மறுபடி அளக்கவைத்தான். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, அதற்கும் கீழே கீழ்முந்திரி வரை பின்னம் போட்டுக் கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்தால், இன்றைய சென்டிமீட்டர் பெருமை கொஞ்சம் அடங்கும். அவ்வளவு நுணுக்கமாக எந்தக் கோலாலும் வயலை அளந்திருக்க முடியாது. அது வரிக் கணக்கு பிறப்பித்த நுணுக்கம். ஆனால் அந்தக் காலத்து ஏற்பாடு ஒன்று இன்றைக்கும் கவனிக்கத் தக்கது. அளவுகோலின் நீளத்தைப் பல கோயில்களின் சுவரில் செதுக்கி வைத்தார்கள். கோலில் சந்தேகம் வந்தால் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவை எதைக் கொண்டு செய்தார்கள் என்பது ஊர் அறிந்த விஷயமாக இருந்தது.

நவீன அளவையின் கதையும் இங்கேயே தொடங்குகிறது. 1794-ல் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கி வில்லியம் லாம்டன் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏழரை மைல், ஏறத்தாழ 12 கிலோமீட்டர். கையில் நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் சூட்டைக் குறித்துக்கொண்டு, நீட்சிக்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். சித்திரை வெயிலில் இப்படி நானூறு முறை சங்கிலி போட்டு எடுத்த அந்த ஒற்றைக் கோட்டின் மேல்தான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை எழும்பியது. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு; கோணம் பார்க்கும் தியோடலைட்தான் எல்லாம்.

அந்தத் தியோடலைட்டின் எடை மட்டும் ஏறத்தாழ அரை டன். லண்டனில் செய்து கப்பலில் வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் வழிமறித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து தஞ்சாவூரில் காத்திருந்தது. காவிரிப் படுகையில் மலை கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களே அளவை மேடைகள் ஆயின. 1808-ல் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, வாரக்கணக்கில் தட்டித் தட்டி, கருவியின் கோண வட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கீழ்முந்திரி வரை நிலக்கணக்கு வைத்த மன்னன் கட்டிய கோயிலில் இது நடந்தது ஒரு வேடிக்கைதான். இந்த அளவை வடக்கே போய் எவரெஸ்ட்டின் உயரம் கண்ட கதையை எல்லோரும் அறிவார்கள். இங்கே அது வேண்டாம்.

வேண்டியது வேறொன்று. லாம்டன் அளந்தது பூமியின் வடிவத்தை. உழவரின் வயலை அளந்தது இன்னொரு மரபு. 1792-ல் பாராமகாலை, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அளந்து ரயத்துவாரி முறைக்கு வழிபோட்டார்கள். 1850-களின் இறுதியிலிருந்து மாகாணம் முழுவதும் புலம் புலமாக அளவை நடந்தது. அதன் வாரிசுதான் இன்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இருக்கும் புலப்படம், பேச்சுவழக்கில் எஃப்.எம்.பி. கல்லுக்குக் கல் ஜி-லைன் போட்டு வயலை முக்கோணங்களாகப் பிரிப்பார்கள். எல்லை வளையும் இடங்களில் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை லிங்க்ஸ், எத்தனை மீட்டர் என்று ஆஃப்செட் குறிப்பார்கள். எளிமையான முறை. நூறாண்டுக்குப் பிறகும் சங்கிலியோடு ஒருவர் போய் அதே எல்லையைத் திரும்பப் போட்டுவிட முடியும், கற்கள் நின்ற இடத்தில் நின்றால்.

சிக்கல் அங்கேதான். பழைய எஃப்.எம்.பி.யில் அட்சரேகை தீர்க்கரேகை எதுவும் இல்லை. எல்லா அளவும் கல்லிலிருந்து கல்லுக்கு. கல் போய்விட்டால் அந்தத் தாள் அந்தரத்தில் நிற்கும். ரோவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, மண்ணைத் தோண்டிப் பழைய கல்லைத் தேடுவது. கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்து எண்களின் கற்களிலிருந்து இடத்தைக் கணிப்பது. வரப்போரத்துப் பெரியவர்களைக் கேட்பது. இந்த வேலையைச் செய்யாமல், இன்று வேலி இருக்கும் இடத்தில் கம்பத்தை ஊன்றிப் பொத்தானை அழுத்தினால், ஆக்கிரமிப்புக்குச் சென்டிமீட்டர் துல்லியத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இப்படி நடக்காது என்று நம்ப, கையில் இருக்கும் அனுபவம் இடம் தரவில்லை. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன, ஏக்கர் ஹெக்டேராக மாறியது. நல்ல நோக்கம்தான். ஆனால் உட்பிரிவு மாறிப்போனது, பரப்பு குறைந்தது, ஒருவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவர் பெயர் ஏறியது என்று அதில் விழுந்த பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்னும் மாவட்ட வருவாய் அலுவலர்களின் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அலைகிறார்கள். அந்தப் பதிவேட்டைத்தான் கணினியில் ஏற்றினார்கள். அதே பதிவேடுதான் இனி வரும் மறு அளவைக்கும் அடிப்படை.

செயற்கைக்கோளின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அது ஓர் அதிசயமான ஏற்பாடு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அணுக்கடிகார நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரமே தொலைவாகிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் 30 சென்டிமீட்டர் போய்விடும். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி அங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும்; அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பிசகு 10 கிலோமீட்டரைத் தாண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. அந்நிய நாட்டின் தயவில் நிற்க வேண்டாம் என்று இஸ்ரோ உருவாக்கிய நாவிக் அமைப்பு இந்தக் கடிகாரங்களாலேயே தடுமாறியது. முதல் செயற்கைக்கோளின் இறக்குமதிக் கடிகாரங்கள் பழுதாயின. உள்நாட்டில் செய்த ருபிடியம் கடிகாரத்தோடு என்.வி.எஸ்.-01 போனது 2023 மே மாதத்தில்தான்.

கைபேசி காட்டும் இடம் திறந்த வெளியில்கூட நான்கைந்து மீட்டர் விலகலாம். சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். ஒரு பக்கத்தில் 4 மீட்டர் தள்ளினால் ஆறு சென்டுக்கு மேல் இடம் மாறும். கைபேசிச் செயலியில் வயலைச் சுற்றி நடந்துவிட்டு, பக்கத்துக்காரர் ஆறு சென்டைத் தின்றுவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் பெருகிவருவதில் வியப்பில்லை. சர்வே எண் கோடுகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்துக் காட்டும் தளங்கள் வேறு இருக்கின்றன. 1:5000 அளவில் வரைந்த கிராம வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு, தரையில் இரண்டரை மீட்டர். அந்தக் கோடு வீட்டுச் சுவரை வெட்டிப் போவதாகப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை.

ரோவரின் கதை வேறு. இடம் துல்லியமாகத் தெரிந்த நிரந்தர நிலையம் ஒன்று, அந்த நேரத்துப் பிசகைக் கணித்துக் கைபேசி இணையம் வழியே அதற்கு அனுப்புகிறது. சென்டிமீட்டர் துல்லியம் அப்படித்தான் வருகிறது. வானம் திறந்திருந்து சிக்னலும் கிடைத்தால் சங்கிலி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அடர்ந்த தென்னந்தோப்பிலும், மாடிகள் நெருங்கிய சந்திலும், சிக்னல் எட்டாத மலைக்கிராமத்திலும் கருவி திணறும். அங்கே, செயற்கைக்கோளை நம்பாமல் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்தான் கைகொடுக்கும். இது துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், திட்டத்தைத் தொடங்கிவைக்கும் மேடைகளில் மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயத்தொலை எண்கள் தாமாக எதையும் குறிப்பதில்லை. எந்த ஆதாரத்தில் கணித்தது என்று தெரிய வேண்டும். 1830-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த நீள்வட்ட உருவத்தின் மேல் வரைந்த பழைய இந்திய வரைபடத்துக்கும், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உலக ஆதாரத்துக்கும் இடையே அதே எண்கள் நூறு மீட்டருக்கு மேல் விலகும். போதாததற்கு, தரையே நகர்கிறது. இந்தியக் கண்டத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. கால் நூற்றாண்டில் ஒரு மீட்டருக்கு மேல். வேலியும் வயலும் சேர்ந்தே நகர்வதால் தரையில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் 2025-ல் எழுதிய எண்ணை 2050-ல் ரோவரில் போட்டுத் தேடினால் கருவி அடுத்தவர் வயலில் கொண்டுபோய் நிறுத்தும். ஆஸ்திரேலியா இதே காரணத்தால் தன் ஆதாரத்தை மாற்றியபோது வரைபடத்தின் எண்கள் ஏறத்தாழ 1.8 மீட்டர் தள்ளிப்போயின. நம் ஊரில் எல்லைப் புள்ளிகளை எண்ணாகத் தரும்போது எந்த ஆதாரம், எந்த ஆண்டு என்று அதே தாளில் அச்சிட வேண்டும்.

பக்கத்து மாநிலங்கள் முன்னால் போய்விட்டன. 1966-ல் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்தும் முடியாத மறு அளவையைக் கேரளம் 2022 நவம்பரில் டிஜிட்டல் முறைக்கு மாற்றியது. ஆந்திரம் 2020 டிசம்பரில் தொடங்கியது. புதிய எல்லைக் கற்களில் அன்றைய முதல்வரின் பெயர் ஏறியதால், 2024-ல் ஆட்சி மாறியதும் கல்லும் அரசியலானது. எல்லைக்கல்லில் சர்வே எண்ணுக்கு மட்டும்தான் இடம் என்ற பாடத்தை எந்தக் கட்சி ஆண்டாலும் படிக்கலாம்.

தமிழ்நாடும் மறு அளவையை நடத்தியே ஆக வேண்டும். நடத்தும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே, பழைய கல் கிடைத்ததா, கணித்து வைத்ததா, வேலியைப் பார்த்து வைத்ததா என்று பதிய வேண்டும். இரு பக்கத்துக்காரரும் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பழைய எஃப்.எம்.பி.யை ஒதுக்கிவிடாமல் புதிய வரைபடத்தின் அருகிலேயே யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். பரப்பு கூடினாலோ குறைந்தாலோ எத்தனை சென்ட், ஏன் என்று பட்டாதாரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும். ரோவர் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு நில அளவர்களுக்கும் போக வேண்டும்.

சட்டத்தையும் தொட வேண்டியிருக்கும். 1923-ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி, அளவை முடிந்ததாக 13-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வந்துவிட்டால் அதில் கண்ட எல்லையே சரியான எல்லை. மறுப்பவர் அந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நிலத்துக்காரர் வளைகுடாவிலோ திருப்பூரிலோ பிழைக்கப் போயிருப்பார், அறிவிக்கை அரசிதழில் கிடக்கும், கெடு ஓடிவிடும். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும் காலத்தில், அந்த 3 ஆண்டு புதிய வரைபடம் பட்டாதாரரின் கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஓடும்படி 14-ஆம் பிரிவைத் திருத்துவது, சட்டமன்றம் நினைத்தால் ஒரே கூட்டத்தொடரில் முடிகிற வேலை.