மூணு கிலோ அரிசியும் ஒரு லேப்டாப்பும்



போளூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகன் ஓடி வந்தான். கையில் ஒரு விளம்பரத் தாள்.

"மாமா, நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க. வாங்கினா இந்த லேப்டாப்தான் வாங்கணும்!"

பையன் பிளஸ் 2 முடித்து, வேலூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். தினமும் பஸ்ஸில் போய் வரப் போகிறான். படிப்புக்கு லேப்டாப் வேண்டும். அதிலேயே கேமும் ஆட வேண்டும். விளம்பரத்தில் இருந்ததோ 17 அங்குலத் திரை, கலர் கலராக ஒளிரும் கீ போர்டு, ஒரு லட்சத்தைத் தாண்டிய விலை!

அக்காவின் கணவர் ஆரணி முதலாளிக்குப் பட்டுச் சேலை நெய்பவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை சேலை நெய்தால் இந்தப் பணம் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது மட்டும் முகத்தில் தெரிந்தது.

"எடை எவ்வளவுடா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யார் மாமா பார்ப்பாங்க? வேகத்தைப் பாருங்க!"

நான் பார்த்தேன். லேப்டாப் 2 கிலோ 700 கிராம். அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர், செங்கல் மாதிரி, இன்னும் முக்கால் கிலோ. மொத்தம் மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விளம்பரத்தில் அடாப்டரின் எடையைப் போடவே இல்லை!

அக்காவிடம் சொல்லி, மூன்றரை கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் கட்டச் சொன்னேன். அதை அவனுடைய புத்தகப் பையில் வைத்தேன். கூடவே இரண்டு நோட்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ்.

"பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போயிட்டு வா. வந்ததும் பையை இறக்காம அரை மணி நேரம் நில்லு. வேலூர் பஸ்ஸில் எல்லா நாளும் உட்கார இடம் கிடைக்காது!"

சிரித்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது சிரிப்பைக் காணோம். பத்தாவது நிமிடத்திலேயே பையை இறக்கிவிட்டான்!

அவன் தோளைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவர்கள் மாவட்டத்திலேயே வளர்ந்த ஒருவரின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

போளூரிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில் திருவண்ணாமலை. ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதிய ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயரின் குடும்பம் அங்கே வாழ்ந்தது. அவருடைய மகன் ஆடம் ஆஸ்போர்ன், 1939ல் பாங்காக்கில் பிறந்து, சிறு வயதில் நம் தமிழ்நாட்டில் வளர்ந்தவர். தமிழும் பேசுவார். பிறகு இங்கிலாந்தில் படித்து, அமெரிக்கா போனார்.

1981ல் இவர் வெளியிட்ட 'ஆஸ்போர்ன் 1' தான், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர்களில் முதன்முதலாக நன்றாக விற்றது. எடை என்ன தெரியுமா? சுமார் 11 கிலோ! திரை வெறும் 5 அங்குலம். பேட்டரி கிடையாது. மூடினால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும்.

"இதைப் போய் யார் வாங்கினாங்க?" என்றான் மருமகன்.

மாதம் பத்தாயிரம் வரை விற்றது! காரணம், இது எங்கே போகப் போகிறது என்று முதலில் யோசித்துவிட்டார்கள். விமானத்தில் இருக்கைக்கு அடியில் அடங்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் அடங்கும் திரை. எல்லாவற்றிலும் முதலிடம் வேண்டாம், போதுமானது இருந்தால் போதும் என்பது ஆஸ்போர்னின் கொள்கை. அவர் 2003ல் கொடைக்கானலில் காலமானார்.

நம் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வேகத்தைப் பார்க்கிறார்கள். வாங்கிய பிறகுதான் எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று யோசிக்கிறார்கள்.

"எடை குறைவா, வேகமும் அதிகமா ஒண்ணு செய்யக் கூடாதா மாமா?" என்று ஏழாவது படிக்கும் மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி!

சிப்புக்குள் போகும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியேற்றச் செம்புக் குழாய்களும், தகடுகளும், விசிறிகளும் வேண்டும். அவற்றுக்கு இடம் வேண்டும்; எடையும் கூடும். மெல்லிய உடம்புக்குள் பெரிய சிப்பை வைத்தால், சூடு தாங்காமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைக் குளிர வைக்க விசிறி 'உய்ய்ய்' என்று கத்தும். மெத்தை மேல் வைத்து ஆடினாலோ, காற்று போகும் வழியும் அடைபட்டுவிடும்!

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. 'ஆர்.டி.எக்ஸ். 4060' என்று ஒரே பெயர் போட்ட கிராபிக்ஸ் சிப், ஒரு லேப்டாப்பில் 35 வாட்டில் ஓடலாம். இன்னொன்றில் 115 வாட்டில் ஓடலாம். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு! ஆகவே கடைக்காரரிடம் பெயரை மட்டும் கேட்காதீர்கள். "இது எத்தனை வாட்?" என்று கேளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. விமானத்தில் சாதாரணமாகக் கொண்டுபோக அனுமதி உள்ள பேட்டரியின் அளவு 100 வாட்-மணி. அதனால் எவ்வளவு பெரிய லேப்டாப்பிலும் பேட்டரியை அதற்குள்தான் வைக்கிறார்கள். கனமான கேம் ஆடும்போது லேப்டாப் 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறை நூற்றைம்பதால் வகுத்தால் என்ன வரும்? வெறும் 40 நிமிடம்! அதனால் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. முழு வேகம் வேண்டுமென்றால் சுவரில் உள்ள பிளக்கைத் தேட வேண்டும். அப்படியென்றால், பஸ்ஸில் மூன்றரை கிலோவைச் சுமந்து போவது எதற்காக?

அதுவரை பேசாமல் இருந்த அக்காவின் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தறியை யாராவது தூக்கிக்கிட்டு ஆரணிக்குப் போறாங்களா? தறி வீட்டுலதான் இருக்கும். நெஞ்ச சேலைதான் போவுது!"

நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

என் கருத்து இதுதான், குட்டீஸ். எது வேகம் என்று கேட்பதற்கு முன்னால், 'வாரத்தில் எத்தனை நாள் இதைச் சுமக்கப் போகிறேன்?' என்று கேளுங்கள்.

மருமகளைப் போல நீங்கள் பள்ளி மாணவரா? கம்ப்யூட்டர் வீட்டை விட்டு வெளியே போகாதா? அப்படியானால் லேப்டாப்பே வேண்டாம். மேசைக் கம்ப்யூட்டர்தான் உங்கள் தறி. அதே பணத்துக்கு வேகம் அதிகம்; சூடும் குறைவு. நாளைக்கு ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். வீட்டுப்பாடத்தை பென் டிரைவில் கொண்டுபோனால் போதும்.

விடுதியில் தங்கிப் படிக்கிற அண்ணன், அக்காவுக்குக் கனமான கேமிங் லேப்டாப் சரிதான். லீவுக்கு வரும்போது மட்டும் சுமந்தால் போதுமே!

தினமும் சுமப்பவர் என்றால், அடாப்டரையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். இரண்டரை கிலோவைத் தாண்டினால் வேண்டாம். நடுத்தரமான கிராபிக்ஸ் போதும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும், பெரிய சிப்பும் வேண்டும் என்றால் விலை எங்கேயோ போய்விடும்.

பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பையின் எடை, மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2020ல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 40 கிலோ எடையுள்ள பையனுக்கு 4 கிலோதான். மூன்றரை கிலோ லேப்டாப்பை வைத்தால், மிச்சம் அரை கிலோவில் புத்தகத்தை எங்கே வைப்பது?

"வேகமா ஓடினாத்தானே மாமா புது கேம் எல்லாம் ஆட முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். மூன்று வருடம் கழித்து வரும் கேமுக்கு நடுத்தர லேப்டாப் திணறும். ஆனால் கேமில் காட்சியின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து ஆட வழி இருக்கிறது. லேப்டாப்பின் எடையைக் குறைக்கத்தான் எந்த பட்டனும் இல்லை!

சரி, மருமகன் கடைசியில் எதை வாங்கினான்? 14 அங்குலத் திரை, 2 கிலோவுக்குள் எடை, நடுத்தர கிராபிக்ஸ். விலையும் இறங்கியது. மிச்சப் பணத்தை அவன் அப்பா புத்தகத்துக்கும் பஸ் செலவுக்கும் எடுத்து வைத்துவிட்டார்.

போன வாரம் போன் செய்தான்.

"மாமா, கேம்ல புல்லு கொஞ்சம் கம்மியாத்தான் தெரியுது. ஆனா, தோள் வலிக்கல!"

நீங்களும் கடைக்குப் போவதற்கு முன்னால் அம்மாவிடம் கொஞ்சம் அரிசி கேளுங்கள். சுமந்து பார்த்துவிட்டு, மறக்காமல் திரும்பப் பானையில் கொட்டிவிடுங்கள்!