எழுதப்படாத கண்டிப்பு

குமாஸ்தாவின் மேசையிலிருந்து



இரண்டாண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி மாதம் வந்துவிட்டால், பெங்களூரின் வடபகுதியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் வேலை ஓடுவதில்லை. எலகங்கா விமானத் தளத்தில் 1996 முதல் நடந்துவரும் விமானக் காட்சியின் ஒத்திகை தொடங்கியதும், காயப்போட்ட வடாம் ஒருபுறமும் எடுக்க வேண்டிய துணி ஒருபுறமும் கிடக்க, குடும்பமே மொட்டைமாடியில் நிற்கும். 2025-ஆம் ஆண்டுக் காட்சியின்போது நானும் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணன் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடியில் நின்றேன். போர் விமானம் ஒன்று இடி இறங்கினாற்போல் முழங்கிக்கொண்டு போயிற்று. பையன் காதைப் பொத்திக்கொண்டே, "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் கீழே வரமாட்டானா?" என்று கேட்டான். எதிர்வீட்டு மாடியில் நின்ற பெரியவர், "அடுத்த சுற்றில் வருவான், பாரேன்!" என்று அவனுக்கு ஆசை காட்டினார். உண்மையைச் சொல்வதானால், என் மனமும் அதையேதான் விரும்பியது.

இந்த விருப்பத்தைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணியிருந்தேன். ஆனால் 1994-ல் அமெரிக்காவில் நேர்ந்த ஒரு விபத்தின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபின், விஷயம் என்னை வேறு பக்கம் இழுத்துச் சென்றுவிட்டது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். விமான சாஸ்திரம் அறியேன். இருந்தும் அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, விமானத்தைக் காட்டிலும் காலியான ஒரு கோப்பே என் கண்முன் வந்து நின்றது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகருக்கு அருகே ஃபேர்சைல்ட் என்னும் விமானப்படைத் தளம் உள்ளது. அக்காலத்தில் அங்கே பி-52 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. எட்டு எஞ்சின்கள் கொண்ட அந்த விமானத்தின் இறக்கைகள் முனைக்கு முனை 56 மீட்டர் அகலம். நம் ரயில் பெட்டிகள் இரண்டைக் கோத்து நிறுத்தினாலும் அந்த அகலத்தை எட்டமாட்டா. நெடுந்தூரம் பறந்து சென்று குண்டு போடுவதற்காகச் செய்யப்பட்ட வாகனம் அது. கரணம் போட்டுக் காட்டுவதற்காக அன்று.

அத்தளத்தில் லெப்டினன்ட் கர்னல் ஆர்தர் ஹாலண்ட் என்றொரு விமானி இருந்தார். 5,200 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. அதோடு, மற்ற விமானிகள் விதிப்படி பறக்கிறார்களா என்று சோதித்துச் சான்று கூறும் பிரிவுக்கும் அவரே தலைவர். 1991-ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்காக நடந்த விமானக் காட்சியில், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் விமானத்தைச் சாய்த்துத் திருப்பியதோடு, கூட்டத்தின் தலைக்கு நேர் மேலேயும் பறந்தார். ஜூலையில் ஒரு படைப்பிரிவின் தலைமை கைமாறும் சடங்கிலும் மிகத் தாழ்வாகப் பறந்து காட்டினார். 1992-ஆம் ஆண்டுக் காட்சியில் மூக்கை நிமிர்த்திச் செங்குத்தாக ஏறிய வேகத்தில், இறக்கைகளின் மேலுள்ள துவாரங்கள் வழியே எரிபொருள் வழிந்தது. 1993-லும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் கீழே நின்ற கூட்டம் ஆரவாரித்தது. விஷயம் அறிந்த சில அதிகாரிகளோ தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்கள்.

1994 மார்ச் மாதத்தில், யாகிமா என்னுமிடத்துப் பயிற்சி வெளியில், குண்டு வீசுவதைப் படம் எடுப்பதற்காகச் சிலர் ஒரு குன்றின் முகட்டில் நின்றனர். அங்கே 150 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாதென்பது விதி. ஹாலண்ட் அவர்களுடைய தலைக்கு மேல் ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்தில் சென்றார். இன்னொரு முகட்டைத் தாண்டும்போது, பக்கத்தில் இருந்த துணை விமானி பதறிப்போய்க் கட்டுப்பாட்டுத் தண்டைப் பற்றி மேலே இழுத்தார். அந்த முகட்டுக்கும் விமானத்துக்கும் இடையே இருந்தது சுமார் ஒரு மீட்டர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

படைப்பிரிவின் தலைவரான லெப்டினன்ட் கர்னல் மார்க் மெக்கீஹன் இதற்குமேல் பொறுக்கவில்லை. ஹாலண்டைப் பறக்கவிடாமல் நிறுத்த வேண்டும் என்று தமக்கு மேலிருந்த கர்னல் வில்லியம் பெல்லரினிடம் சென்று கேட்டார். பெல்லரின், ஹாலண்டை அழைத்து வாய்மொழியாகக் கண்டித்தார், தடை விதிக்கவில்லை, எதையும் எழுதி வைக்கவுமில்லை. மெக்கீஹன் தம்மால் ஆனதைச் செய்தார். தம் பிரிவு விமானிகள் எவரையும் ஹாலண்டுடன் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆகையால், அவர் பறக்கும்போதெல்லாம் பக்கத்து ஆசனத்தில் தாமே உட்காருவது என்று முடிவு செய்துகொண்டார். பிறருடைய பிள்ளைகளுக்காகத் தம்மைப் பணயம் வைத்த அந்த மனிதரை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அவ்வாண்டுக் காட்சிக்கான ஒத்திகை 24-6-1994 அன்று பிற்பகல் நடந்தது. விமானத்தில் ஹாலண்ட், மெக்கீஹன், கர்னல் ராபர்ட் வுல்ஃப், லெப்டினன்ட் கர்னல் கென் ஹூஸ்டன் ஆகிய நால்வர் இருந்தனர். வுல்ஃபுக்கு அது பணியில் கடைசிப் பறப்பு. இறங்கியதும் வாழ்த்துவதற்காக அவருடைய மனைவியும் நண்பர்களும் தளத்தில் காத்திருந்தனர். மெக்கீஹனின் மனைவி, இளைய புதல்வர் இருவருடன் தம் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றி, ஏறத்தாழ 75 மீட்டர் உயரத்தில், ஹாலண்ட் விமானத்தை மேலும் மேலும் சாய்த்துத் திருப்பினார். இறக்கைகள் நட்டுக்குத்தலாக நின்ற கணத்தில் விமானம் கத்தியைப் போல் தரையில் விழுந்தது. தப்பிக்கும் ஆசனத்தை மெக்கீஹன் இயக்கினார். அது முழுதாக வெளியே வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வுல்ஃப் இருந்த இடத்திலோ அத்தகைய ஆசனமே கிடையாது. நால்வரும் மாண்டனர்.

சாய்வில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைவில் ரயில் திரும்புவதற்காக நாம் வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறோம். ஆகாயத்தில் தண்டவாளம் ஏது? விமானம் தானே சாய்ந்து, இறக்கைகளின் தூக்குவிசையில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் செலவிட்டுத்தான் திரும்ப வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்புவதற்கு, விமானத்தின் எடையைப் போல் இரு மடங்கு தூக்குவிசை தேவை. 90 பாகையில் விசை முழுவதும் பக்கவாட்டிலேயே போய்விடும். எடையைத் தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. வேகமும் குறைந்திருந்தால் இறக்கை காற்றின் பிடியை இழக்கிறது. மேலே பல்லாயிரம் அடி உயரத்தில் இருந்தால் சரித்துப் பிடித்து மீளலாம். 75 மீட்டரில் மீள்வதற்கு இடமேது? ஒத்திகைக்கு முன்பே தளபதி, 45 பாகைக்கு மேல் சாய்க்கலாகாது என்று எல்லை வகுத்திருந்தார். ஒரு வாரம் முன்னர் நடந்த முதல் ஒத்திகையிலேயே அந்த எல்லை மீறப்பட்டது. அப்போதும் எவரும் நிறுத்தவில்லை.

இத்தனையும் மூன்று ஆண்டுகளாக, பல நூறு கண்கள் பார்க்க, படம் பிடிக்கவும் பட்டு நடந்திருக்கிறதே, எப்படி? விசாரித்தவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று என்னை உலுக்கியது. அந்த மூன்று ஆண்டுகளில் தளத்தின் மேலதிகாரிகள் அடிக்கடி மாறினார்கள். ஹாலண்டை அவர்களிற் சிலர் கண்டித்ததும் உண்டு. ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு. புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டினால், அங்கே அனுபவசாலியான, மாசற்ற ஒரு விமானியே தென்படுவார். ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனெனில் அந்தக் கோப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், ஓர் அலுவலகத்தில் நான் இளநிலை எழுத்தர். எஞ்சின்களின் வேகப் பதிவுகளைச் சோதித்தவர்கள் அனுப்பும் குறிப்புகள் என் மேசை வழியாகப் போகும். தண்டவாள வேலை நடந்த ஓரிடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது என்று காஷன் ஆர்டர் இருந்தும், ஓர் ஓட்டுநர் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தாண்டியதாக ஒரு குறிப்பு வந்தது. அவர் எல்லோருக்கும் வேண்டியவர். தாமதமான வண்டியை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் பெயர் பெற்றவர். பிரயாணிகளே தேடிவந்து கைகுலுக்குவார்கள். அதிகாரி என்னை அழைத்து, "நல்ல மனுஷர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறது. நான் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இதைக் கோப்பில் ஏற்ற வேண்டாம்" என்றார். நான் குறிப்பை இழுப்பறையில் வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து அதே ஓட்டுநரைப் பற்றி இரண்டாவது குறிப்பு வந்தது. முந்தைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர், "இதற்கு முன் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "கோப்பில் ஒன்றும் இல்லை, சார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "முதல் தடவைதானே, கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்" என்று அவரும் முடித்துவிட்டார். அந்த ஓட்டுநர் ஒரு விபத்தும் இன்றி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அன்று பரிமாறிய கேசரியை நானும் சாப்பிட்டேன். விபத்து நேராததனாலேயே அந்த இழுப்பறை இத்தனை காலம் என் நினைவுக்கு வரவில்லை.

கூட்டத்தின் பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று தொடக்கத்தில் கருதினேன் அல்லவா? அதற்குச் சான்றுகள் கொடியவை. 28-8-1988 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், இத்தாலிய விமானப்படைக் குழுவின் ஒன்பது விமானங்கள் வானில் இருதய வடிவம் வரைந்தன. தனி விமானம் ஒன்று கூட்டத்தை நோக்கிப் பறந்து அந்த இருதயத்தைத் துளைப்பதே உச்சக் காட்சி. அது முன்னதாகவும் தாழ்வாகவும் வந்து மற்றவற்றின்மேல் மோதிற்று. விமானிகள் மூவர் உட்பட 70 பேர் இறந்தனர். உக்ரேனில் லிவிவ் நகருக்கு அருகே 27-7-2002 அன்று, சு-27 போர் விமானம் ஒன்று தாழ்வான கரணத்திலிருந்து மீளாமல் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 77 பேர் மாண்டனர். அவர்களுள் 28 பேர் குழந்தைகள். விமானிகள் இருவரும் ஆசனத்தோடு வெளியேறி உயிர் பிழைத்தனர். 2005-ல் இராணுவ நீதிமன்றம் அவர்களுக்கு முறையே 14 ஆண்டும் 8 ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தது. இப்போது பல நாடுகளில், கூட்டத்துக்கு இணையாக ஒரு கோடு வகுத்து, அதற்கு அப்பால்தான் பறக்க வேண்டும் என்றும், கூட்டத்தை நோக்கி வித்தை காட்டலாகாது என்றும் விதிகள் உண்டு. எலகங்காவில் 19-2-2019 அன்று, காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில், நம் சூரியகிரண் குழுவின் இரு விமானங்கள் மோதி ஒரு விமானி உயிர் நீத்தாரே, அதை இந்த வரிசையில் வைப்பது அநியாயம். நெருங்கிப் பறக்கும் தொழிலுக்கே உரிய ஆபத்து வேறு. விதியை மீறிப் பெயர் தேடுவது வேறு.

ஃபேர்சைல்ட் பாடம் அமெரிக்கப் படையிலேயே நிலைக்கவில்லை என்பது விசித்திரம். பதினாறு ஆண்டுகள் கழித்து, 28-7-2010 அன்று, அலாஸ்காவின் எல்மெண்டார்ஃப் தளத்தில், நம் நாட்டு விமானப்படையிலும் உள்ள சி-17 ரகச் சரக்கு விமானம் ஒன்று காட்சிக்கான ஒத்திகையில் கிளம்பியது. தூக்குவிசை தீர்ந்துவிடப் போகிறது என்று எச்சரிக்கை மணி ஒலித்தும், விமானி அந்தக் கடுமையான திருப்பத்தைத் தொடர்ந்தார். அப்போதும் இறந்தவர் நால்வரே.

அண்ணன் மகன் அடுத்த காட்சிக்கு இப்போதே நாள் எண்ணுகிறான். அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கீழே வரமாட்டானா என்று மறுபடி கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல விட்டுப்போன செய்தி ஒன்று. ஃபேர்சைல்டில் வாய்மொழியாகக் கண்டித்த கர்னல் பெல்லரின், 1995-ல் இராணுவ நீதிமன்றத்தின்முன் கடமையில் தவறியதாகத் தாமே ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்த தண்டனை, ஐந்து மாதங்களுக்கு மாதம் 1,500 டாலர் அபராதம். அத்துடன் ஒரு கண்டனம். அது எழுத்து மூலமாகக் கொடுக்கப்பட்டது.