ஸ்பென்சரை இடிச்சா லாரி நம்ம ஊர் வழியாத்தான் போகும்



வாலாஜாபாத்தில் ரோட்டைக் கடக்கக் காத்து நின்னவங்களுக்கு இது உடனே புரியும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு டிப்பர் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா போகும். உத்திரமேரூர் வட்டாரக் குவாரிகளில் உடைச்ச கல் அது. அதுக்கு முன்னால பல வருஷம் பாலாற்று மணல் போச்சு. புழுதி நமக்கு, கட்டடம் சென்னைக்கு.

சரி, அங்கே கட்டின கட்டடமெல்லாம் நிரம்பி வழியுதா? அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவுக்குள்ள ஒரு நடை போய்ப் பாருங்க. 1990-களில் துணி எடுக்க, இல்லேன்னா சும்மா ஏசி காத்து வாங்கவாவது நம்மாளுங்க ரயிலேறிப் போன இடம். இன்னைக்கு வரிசையா பூட்டின ஷட்டர். இது ஸ்பென்சர் கதை மட்டுமில்ல. நைட் ஃப்ராங்க் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவின் 8 பெருநகரங்களில் 40 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் மால்கள் 64. பரப்பளவு சுமார் 1.33 கோடி சதுர அடி.

இப்படிப்பட்ட மால் ஒரு மூடின பெட்டி. பாதிக் கடை காலியானாலும் பொது வழிக்கு விளக்கும் குளிர்சாதனமும் ஓடணும். அந்தச் செலவு மிச்சமிருக்கிற சின்ன வியாபாரி தலையில பராமரிப்புக் கட்டணமா விழும். அவரும் கடையைக் காலி பண்ணுவார்.

"இடிச்சுட்டுப் புதுசா கட்டலாமே" என்பார்கள். புதுசுக்குக் கல் எங்கிருந்து வரும்? உலகத்தின் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்தே வருகிறது. ஏற்கனவே ஊற்றிய கான்கிரீட்டை உடைத்துவிட்டு, மேலே சோலார் வைத்து 'பசுமைக் கட்டடம்' என்று போர்டு மாட்டுவதை எப்படி ஏற்பது?

ஒன்றுக்குக் கட்டினதை இன்னொன்றுக்கு மாற்ற முடியும். ஓமந்தூரார் தோட்டத்தில் தலைமைச் செயலகத்துக்காகக் கட்டி 2010-இல் திறந்த கட்டடம், 2014-இல் மருத்துவமனை ஆனது. அந்த முடிவின் அரசியலை இங்கே பேச வரல. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-இல் திறந்த ஹைலேண்ட் மால் நொடிச்சுப் போனதும், அங்குள்ள சமுதாயக் கல்லூரி அதை வாங்கியது. பெரிய துணிக்கடை இருந்த கூடத்தில் 2014 முதல் 600-க்கும் மேற்பட்ட கணினிகளோடு மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஸ்பென்சரில் என்ன செய்யலாம்? கீழே இருக்கிற கடைகள் அப்படியே இருக்கட்டும், அவங்க வயிற்றில் அடிக்கக் கூடாது. மேல்தளங்களில் ஜன்னல் வைக்க முடிகிற வெளிப்பக்கம் முழுக்க வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி. அரசின் 'தோழி' விடுதி மாதிரி. ஜன்னலே இல்லாத உள்பக்கத்தில் ஆளைத் தூங்க வைக்கக் கூடாது, தீப்பிடிச்சா பேராபத்து. பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980-களில் எரிந்ததை மறந்துடாதீங்க. உள்பக்கம் நூலகம், போட்டித் தேர்வுப் பயிற்சி, கிளினிக் வரலாம். நடு முற்றத்தின் மேற்கூரையைத் திறந்து வெளிச்சமும் காத்தும் விட்டால் பகலில் விளக்கே வேண்டாம். மொட்டை மாடிக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு, சோலார். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமா?

சிக்கல் வேற இடத்துல இருக்கு. ஸ்பென்சர் கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டவை, உரிமையாளர்கள் பல பேர். ஒருத்தர் சம்மதிச்சா இன்னொருத்தர் சம்மதிக்க மாட்டார். அதனால்தான் அரசு நடுவில் வரணும்: காலித் தளங்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கட்டும், மாற்றத்துக்கு ஒத்துழைக்கிற உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கட்டும்.

நம்ம ஊர்ப் பொண்ணு வாலாஜாபாத்தில் புறநகர் ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறி, எல்ஐசி நிறுத்தத்தில் இறங்கினா ஸ்பென்சர் பக்கம்தான். தினமும் போய்வர முடியாமல் சென்னையில் ரூம் தேடுறவங்க நம்ம தெருவிலேயே இருக்காங்க. வாடகை என்னன்னு அவங்க அப்பா அம்மாவைக் கேளுங்க.