மூன்று நானோமீட்டர் மோகம்

கலர் கேமராவில் நெபுலா படம் எடுக்கக் கிளம்பும் புதியவருக்கு இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான். காசு இருந்தால் 3 நானோமீட்டர் ஃபில்டர் வாங்கு, இல்லாவிட்டால் 7-ஐ வைத்துச் சமாளி. ஃபில்டர் உள்ளே விடும் அலைநீளப் பட்டை குறுகக் குறுகப் படம் நன்றாக வரும் என்பது ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. இது தவறு. பலருடைய பணத்தையும், மேகமில்லாத அரிய இரவுகளையும் சேர்த்தே தின்கிற தவறு.

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இத்தகைய இரட்டைப் பட்டை ஃபில்டர் 656.3 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவையும் 500.7-இல் வரும் ஆக்சிஜன் ஒளியையும் சுற்றி இரண்டு சிறு சன்னல்களை மட்டும் திறந்து வைக்கிறது. எல்இடி தெருவிளக்குகள் வந்தபின் நகர வானத்தின் வெளிச்சம் எல்லா அலைநீளங்களிலும் பரவிக் கிடப்பதால், சன்னல் குறுகினால் அந்த வெளிச்சமும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஆப்டோலாங்கின் 7 நானோமீட்டர் எல்-எக்ஸ்ட்ரீமை விட்டு 3 நானோமீட்டர் எல்-அல்டிமேட்டுக்குத் தாவுகிறவருக்குக் கிடைப்பது என்ன? வானப் பின்னணி பாதிக்கும் கீழே போகும், சரி. அதன் இரைச்சலோ வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும். ஆக, ஆதாயம் அதிகபட்சம் ஒன்றரை மடங்கு. அதுவும் நெபுலாவின் ஒளி முழுவதும் அந்தச் சன்னலுக்குள்ளேயே விழுந்தால்தான்.

விழுவதில்லை என்பதற்கு நண்டு நெபுலாவே சாட்சி. 1054-இல் மக்கள் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. அதன் வாயு இழைகள் இன்றும் நொடிக்குச் சுமார் 1500 கிலோமீட்டர் வேகத்தில் சிதறிக்கொண்டிருக்கின்றன. நம்மை நோக்கி வரும் இழையின் ஹைட்ரஜன் ஒளி 3 நானோமீட்டருக்கும் மேல் நீலப் பக்கம் நகர்கிறது. விலகி ஓடும் இழையின் ஒளி அதே அளவு சிவப்புப் பக்கம். 3 நானோமீட்டர் ஃபில்டர் இரு பக்கமும் விடுவது ஒன்றரைதான். முன்புற இழையும் பின்புற இழையும் வெளியே நிற்க, பக்கவாட்டில் நகர்பவை மட்டுமே படத்தில் மிஞ்சும். 7 நானோமீட்டரில் இந்த இழப்பு பெரும்பாலும் இல்லை.

ஹீலிக்ஸ் நெபுலாவின் வெளிவளையச் சிவப்பில் நைட்ரஜனின் பங்கு பெரிது. அதன் வலுவான கோடு 658.4-இல் இருக்கிறது. 7-இன் சன்னலுக்குள் அது அடங்கும், 3-இன் சன்னலுக்கு வெளியே போய்விடும். நெபுலாவின் சொந்த ஒளியையே வெட்டி எறிந்துவிட்டுப் பின்னணி கறுத்துவிட்டது என்று பூரிப்பதில் என்ன பொருள்?

தொலைநோக்கியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எஃப்/2 கருவியில் ஒளிக்கூம்பின் விளிம்புக் கதிர்கள் ஃபில்டர் மீது சுமார் 14 டிகிரி சாய்ந்து விழுகின்றன. சாய்ந்து விழும் கதிருக்கு ஃபில்டரின் சன்னல் குறைந்த அலைநீளப் பக்கம் சில நானோமீட்டர் நழுவும். 3 நானோமீட்டர் சன்னலுக்கு அந்த நழுவலே போதும், பிடிக்க வாங்கிய ஹைட்ரஜன் ஒளியின் பெரும்பகுதி அடைபட்டுப் போகும். ஆர்ஏஎஸ்ஏ போன்ற எஃப்/2 தொலைநோக்கிகளுக்கென்று முன்கூட்டியே நகர்த்திய சன்னலோடு தனி ஃபில்டர்கள் விற்கப்படுவது இதனால்தான். சாதாரண 3-ஐ வாங்கி எஃப்/2-இல் மாட்டுகிறவர், விலை குறைந்த 7-ஐ மாட்டியவரிடம் தோற்பார்.

குறுகிய சன்னலால் வானப் பின்னணி இருண்டால் ஒவ்வொரு படத்திலும் கேமராவின் சொந்த இரைச்சல் தலைதூக்கும். அதை மூழ்கடிக்க ஐந்து நிமிடம், சில சமயம் இன்னும் கூடுதலான எக்ஸ்போஷர் தேவைப்படும். ஒரு நிமிடத்துக்கு மேல் விண்மீனைப் புள்ளியாகப் பிடித்து வைக்க முடியாத சின்ன மவுண்ட்டை வைத்திருப்பவருக்கு 3-ஐச் சிபாரிசு செய்வது அநியாயம். மாற்றியமைக்காத டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் நிலை இன்னும் மோசம். தொழிற்சாலையில் பொருத்திய ஃபில்டர் கண்ணாடியே ஹைட்ரஜன் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அவருடைய முதல் செலவு அந்தக் கண்ணாடியை மாற்றுவதாகத்தான் இருக்க வேண்டும்.

நகர மொட்டைமாடி, எஃப்/5 தொலைநோக்கி, நல்ல மவுண்ட், ஓரியன் போன்ற ஹைட்ரஜன் மேகம் என்று எல்லாம் அமைந்தவர் தாராளமாக 3 வாங்கட்டும். மற்றவர்கள் நலனுக்காக விற்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும். பெட்டியில் பட்டையின் அகலத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அதே பெட்டியில் எஃப்/2, எஃப்/4, எஃப்/6 கருவிகளில் 656.3, 500.7 இரண்டிலும் எத்தனை சதவீத ஒளி உள்ளே போகிறது என்பதையும் அச்சிடுங்கள்.