மொட்டைப் பனையும் குப்பைமேடும்

அந்நிய மண்ணில் குடியேறிப் பெருங்கேடு செய்யும் 100 உயிரினங்களைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டு பட்டியலிட்டது. அதில் பறவைகள் மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு நமது வளவுகளில் பிறந்து வளர்பவை: மைனாவும், வாலடியில் சிவப்புத் தெரியும் கொண்டைக்குருவியும். நமது ஊர்க்காகம் 1890களில் குப்பை தின்னட்டும் என்று சன்சிபாருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கிருந்து கிழக்காபிரிக்கக் கரையெங்கும் பரவியது. 2024 முடிவதற்குள் பத்து இலட்சம் காகங்களை ஒழிப்போம் என்று கென்யா அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. இவை நமது சொந்தப் பறவைகள் என்பதால் இங்கே அப்படியொரு தொல்லை வராது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பிழை. ஒரு பறவை மற்றதை விரட்டுவதற்கு அது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கத் தேவையில்லை. காடு துண்டாகி, பக்கத்தில் குப்பை குவிந்தால் அதுவே போதும். அம்பாறைக் கரையோரத்தில் இந்த இரண்டையும் செய்துகொண்டிருப்பவர்கள் நாம்தான்.

கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது மேற்கே பெருங்காடு கிடந்தது. அது வயலாகியும் குடியேற்றமாகியும் போனபின் காவலுடன் எஞ்சியவற்றில் கல்லோயா தேசியப் பூங்கா பெரியது. லகுகல தேசியப் பூங்கா சுமார் 1,550 ஹெக்டேயர் மட்டுமே. கரையை நெருங்க நெருங்க, களப்போரக் கண்டல்களும் ஆற்றங்கரை மருதமரங்களும் வட்டைகளுக்கு நடுவே தப்பிய பற்றைகளுமாகத் துண்டு துண்டாகவே பசுமை தெரிகிறது. துண்டாவதன் கேட்டை ஒரு சின்னக் கணக்கில் காணலாம். ஒரு கிலோமீற்றர் நீள அகலமுள்ள காடு 100 ஹெக்டேயர். வெயிலும் காற்றும் காகமும் ஓரத்திலிருந்து 100 மீற்றர் உள்ளே எட்டும் என்று வைத்தால், 64 ஹெக்டேயர் உள்காடாக நிற்கும். அதே காட்டை 200 மீற்றர் சதுரங்களாகப் பிரித்து 25 இடங்களில் வையுங்கள். பரப்பளவு குறையவேயில்லை, ஆனால் உள்காடு என்று ஒரு முழ நிலமும் மிஞ்சாது, எல்லாமே ஓரம். அவுஸ்திரேலியா இதற்குக் கண்கூடான சாட்சி. அங்கே நொய்சி மைனர் என்ற தேனுண்ணிப் பறவை அந்த மண்ணுக்கே உரியது. காடுகள் சிதறிய இடங்களில் அது கூட்டமாகத் திரண்டு சிறிய குருவிகளையெல்லாம் துரத்தியடிக்கிறது. 2014இல் அந்நாட்டு அரசே இதனைப் பிற இனங்களுக்கான பெரும் அச்சுறுத்தலாக அறிவித்தது.

இங்கே அந்தப் போட்டியைப் பார்க்க விரும்புபவர் தலையற்ற ஒரு மொட்டைப் பனையைப் பார்த்தால் போதும். மரங்கொத்தியும் குக்குறுவானும் உளுத்த மரத்தைத் தாமே குடைந்து பொந்து செய்கின்றன. கிளிக்கும் ஆந்தைக்கும் குண்டுகரிச்சானுக்கும் அந்தத் திறன் பெரிதாக இல்லை. அவை பழைய பொந்தைத் தேடி வருகின்றன. மைனாவும் அதே பொந்துக்குத்தான் வருகிறது, சோடியாக, பெரும் சண்டையுடன். வென்றதும் வைக்கோல், பாம்புச் சட்டை, பொலித்தீன் துண்டு என்று அகப்பட்டதையெல்லாம் திணித்து வாசலை அடைத்துவிடுகிறது. பொந்துள்ள மரம் நிறைய நின்ற காலத்தில் தோற்ற பறவை அடுத்த மரத்துக்குப் போனது. விழுந்துவிடும் என்றும் அழகில்லை என்றும் பட்ட மரங்களையெல்லாம் தறித்துவிட்ட ஊரில் அடுத்த மரம் எங்கே?

மைனாவுக்கும் காகத்துக்கும் இந்தப் பலத்தைக் கொடுப்பது நமது கழிவு. கோழிக்கடைக் குடல், கரைவலை இழுத்த இடத்தில் கிடக்கும் மீன் கழிவு, ஹஜ்ஜுப் பெருநாளில் முறையாகப் புதைக்கப்படாத உழ்ஹிய்யா எச்சங்கள் எல்லாம் வருடம் முழுவதும் வற்றாத தீனி. அதையும் நாம் காட்டின் வாசலிலேயே கொட்டுகிறோம். அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகம் முழுவதும் போனது. யானைக்காக அழுதோம், அதுவும் நியாயமே. அதே மேட்டில் கொழுக்கும் காகம் பக்கத்துப் பற்றையில் முட்டையையும் குஞ்சையும் தேடும் என்பதை யாரும் பேசவில்லை.

காகத்தைச் சுட்டால் தீராதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இஹ்ராமிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட பிராணிகளில் காகமும் ஒன்று என்ற ஹதீஸையும் சுட்டிக்காட்டுவார்கள். அனுமதி கடமையாகிவிடாது. பயனைப் பார்த்தாலும் அது கைகொடுக்கவில்லை. சன்சிபாரில் 1990களில் காகங்களைப் பெருமளவு குறைத்தார்கள். வேலை நின்றதும் அவை மீண்டும் பெருகின. அவுஸ்திரேலியாவில் நொய்சி மைனரைச் சுட்டு வெறுமையாக்கிய இடங்களுக்கு அயலிலிருந்து புதியவை விரைவாக வந்து சேர்ந்தன. தீனியும் ஓரமும் அப்படியே இருக்கும்வரை துப்பாக்கியால் ஆவது ஒன்றுமில்லை. காகம் ஊரைத் துப்புரவாக்குகிறது, மைனா வயல் பூச்சியைத் தின்கிறது என்ற எதிர்வாதத்தில் உண்மை உண்டு. அதனால்தான் அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. நமது கழிவை அள்ளும் வேலையைக் காகத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கான கூலியை மற்றப் பறவைகளின் குஞ்சுகளிலிருந்து கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மனிதருக்கே காணியில்லை என்பது கனமான மறுப்பு. ஆழிப்பேரலையில் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் இது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. அங்கே காடு வளர்க்கச் சொன்னால் அது மனச்சாட்சியில்லாத பேச்சு. நாம் கேட்பதற்கு வீட்டுக் காணியில் ஒரு பேர்ச்சும் தேவையில்லை. கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகளும் அயலிலுள்ள பிரதேச சபைகளும் இறைச்சி, மீன் கழிவைத் தனியே சேர்த்து அன்றன்றே புதைக்கவோ பசளையாக்கவோ கூட்டாக ஏற்பாடு செய்ய வேண்டும். காட்டோரக் குப்பைமேடுகளில் தினமும் மண் மூடப்பட வேண்டும். கரைவாகு வட்டையிலும் களப்போரங்களிலும் மண் நிரப்புவது நிற்க வேண்டும். எஞ்சிய துண்டுகளை வாய்க்கால் கரை வழியே மருதும் இலுப்பையும் நட்டு இணைக்கலாம், சவுக்கை மட்டுமே நடுவது போதாது. ஆளில்லாத வயல் வரம்பிலும் களப்போரத்திலும் நிற்கும் மொட்டைப் பனையையும் பட்ட தென்னையையும் தறிக்காமல் விடுவதற்குச் செலவே கிடையாது. பெருநாளுக்கு முந்திய வாரம் பள்ளிவாசல் நிருவாகங்களும் சபைகளும் ஒன்றாக அமர்ந்து, எந்த மஹல்லாவின் கழிவு எந்தக் குழிக்குப் போகும் என்று எழுதி ஒட்டினால் இந்த வருடமே தொடங்கிவிடலாம்.