நன்கொடைக் கணக்கைத் துருவும் மாணவர்கள்: இந்த இன்டர்ன்ஷிப்பில் என்ன வேலை?

“ஒவ்வொரு டாலரிலும் 90 சென்ட் நோயாளிகளுக்கே போகிறது” என்று ஒரு தொண்டு நிறுவனம் விளம்பரம் செய்தால் அப்படியே நம்பலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கென்றே சில லாப நோக்கற்ற கண்காணிப்பு அமைப்புகள் இருக்கின்றன. சிகாகோவின் ‘சாரிட்டிவாட்ச்’ அவற்றில் ஒன்று. 1992-ல் தொடங்கப்பட்ட இது, தொண்டு நிறுவனங்களுக்கு ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு போடுகிறது. இதுபோன்ற அமைப்புகளில் கல்லூரி மாணவர்கள் ஆய்வு இன்டர்ன்களாகவும் சேரலாம்.

என்ன வேலை?

பெரும்பாலும் படிக்கிற வேலைதான். அங்கே வரிவிலக்கு பெற்ற பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான வரித்துறையிடம் ‘படிவம் 990’ தாக்கல் செய்ய வேண்டும். வரவு, செலவு, உயர் அதிகாரிகளின் சம்பளம், நிதி திரட்டிய செலவு எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதையும் தணிக்கை அறிக்கையையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

அதில் என்ன சிக்கல்?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நிறுவனம் 100 டாலர் செலவு செய்கிறது. நோயாளிகளுக்கு 50, நன்கொடை கேட்டு அனுப்பிய கடிதங்களுக்கு 40, அலுவலகத்துக்கு 10. அந்தக் கடிதத்திலேயே ‘புகை பிடிக்காதீர்கள்’ என்று நாலு வரி சேர்த்துவிட்டு, அதன் செலவில் பாதியை ‘விழிப்புணர்வு’ என்று எழுதினால்? சேவைச் செலவு 70 ஆகிவிடும். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் கணக்கியல் விதிகளே இப்படிப் பிரிக்க அனுமதிக்கின்றன. அந்த 20 டாலரைக் கண்டுபிடித்துத் திருப்பி வைப்பதுதான் ஆய்வாளரின் வேலை. இது தணிக்கை அறிக்கையின் அடிக்குறிப்பில்தான் சிக்கும்.

இது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். 2015 மே மாதம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய் ‘தொண்டு’ நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தன. 2008 முதல் 2012 வரை மக்களிடம் 18.7 கோடி டாலருக்கு மேல் வசூலித்து ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. நன்கொடைப் பணம் கார், சுற்றுலா, கல்லூரிக் கட்டணம் என்று போனதாகப் புகார் சொன்னது. இதை எப்படி மறைத்தார்கள்? பொருளாக வந்த நன்கொடை என்று 22.3 கோடி டாலருக்கு மேல் பொய்யாகக் கணக்கு காட்டினார்கள் என்கிறது அதே புகார். பொருள் உள்ளே வந்து வெளியே போனதாக எழுதினால், காகிதத்தில் சேவை பெருகும். சம்பளமும் வசூல் செலவும் சின்னதாகத் தெரியும்.

அப்போ சதவீதம் பார்த்தால் போதுமா?

போதாது. கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளும் 2013-ல் நன்கொடையாளர்களுக்கு எழுதிய கூட்டுக் கடிதத்தில் இதைத்தான் சொன்னன. நிர்வாகச் செலவு குறைவு என்பதே நல்ல நிறுவனத்துக்கு அடையாளம் இல்லை. நல்ல ஊழியர், பயிற்சி, கம்ப்யூட்டர் எல்லாமே செலவுதான். செலவு குறைவு என்ற பெயருக்காக அதையெல்லாம் வெட்டினால், கடைசியில் அடிபடுவது சேவைதான்.

சம்பளம் உண்டா?

இங்கேதான் ஒரு நெருடல். லாப நோக்கற்ற தொண்டு அமைப்புகளில் ஊதியத்தை எதிர்பார்க்காமல் தன்னார்வமாகச் சேரும் இன்டர்னுக்குச் சம்பளம் தராமல் இருப்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறை பொதுவாக ஏற்கிறது. ஆனால் சிகாகோ மாதிரி ஊரில் வாடகை கட்டிக்கொண்டு சும்மா வேலை பார்க்க எல்லா மாணவர்களாலும் முடியுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கணக்கைத் துருவக் கற்றுக்கொண்டால், ஏழைகளின் பெயரால் திரட்டும் பணத்துக்குக் காவலாக அந்த ஏழை வீட்டுப் பிள்ளை வரவே முடியாது. அடுத்தவர் செலவுக் கணக்கைக் கேட்கும் அமைப்பிடம் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: உதவித்தொகை எவ்வளவு?