பங்குப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

கடலுக்குப் போன படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியது அரசு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டபோது அதைச் சொன்னது கோயில்தான். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று கடலோரம் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் பங்குத்தந்தையின் அலுவலகமே கட்டுப்பாட்டு அறை ஆனது. அங்கே பெண்கள் கையில் ஒரு புகைப்படத்தோடும் ஆதார் நகலோடும் வந்து நின்றார்கள். ஆளின் பெயர், படகின் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது புறப்பட்டது, கடைசியாக எப்போது பேசினார் என்று அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குழுக்கள் வாரியாக, வீடு வீடாகக் கேட்டு எழுதிச் சேர்த்த பட்டியல்தான் பிறகு ஆட்சியர் அலுவலகம் வரை போனது.

அந்த உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மீட்புக் கப்பல்களுக்காகக் காத்திராமல் ஊர்க்காரர்களே சொந்தப் படகுகளில் தேடப் போனார்கள். லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கியவர்களைப் பற்றிய தகவல் பங்குகளின் தொலைபேசிகள் வழியாக வந்து சேர்ந்தது. மார்த்தாண்டன்துறையில் பிறந்து திருவனந்தபுரம் பேராயராக இருந்த சூசைபாக்கியம் கரையின் குரலாக நின்று அரசுகளிடம் கணக்குக் கேட்டார். டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அதே நாளில் வந்தது. திருநாள் கொண்டாட வேண்டிய கரை, கடலைப் பார்த்தபடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குருக்களோடு நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் அமர்ந்த பிறகே தலைநகரங்கள் திரும்பிப் பார்த்தன. முதலமைச்சர் வந்தார், பிரதமர் வந்தார். குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 200 பேர் இறந்தோ காணாமலோ போயிருந்தார்கள்.

ஆனால், அன்று அரசின் கணக்கும் கோயிலின் கணக்கும் பல நாட்கள் ஒத்துப்போகவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. தூத்தூர் வட்டார மீனவர்கள் தங்கல் தொழில் செய்பவர்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். படகு தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கும், கொச்சியிலிருந்து புறப்படும், மீனை வேறொரு மாநிலத்தில் இறக்கும். ஓர் ஆள் துறைமுகத்திலேயே படகு மாறி ஏறிவிட்டால் அது வீட்டுக்குக்கூடத் தெரியாது. மூன்று மாநிலங்களின் மீன்வளத் துறைகளுக்கு நடுவே அந்த ஆள் எந்த ஏட்டிலும் இல்லாதவர் ஆகிவிடுகிறார். அவரைத் தேடிப் பிடித்து எழுதியது பங்கு ஒன்றுதான். அந்தக் கரையில் ஊரும் பங்கும் வேறுவேறல்ல. திருமுழுக்கிலிருந்து அடக்கம் வரை எல்லோர் பெயரும் அங்கே இருக்கிறது.

எல்லோர் பெயரும் என்றா சொன்னோம்? இன்று அதே படகுகளில் வலை இழுப்பவர்களில் அசாம், ஒடிசா, மேற்கு வங்க இளைஞர்கள் பலர். அவர்களுக்கு இந்தக் கரையில் பங்கு இல்லை, அன்பியம் இல்லை, படத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் நிற்க ஒரு தாயும் இல்லை. நாளை இன்னொரு ஒக்கி வந்து படகு திரும்பாமல் போனால் அவர்களை யார் எண்ணுவார்கள்? பங்குப் பதிவேட்டை நம்பி அரசு சும்மா இருக்கும் காலம் இதனால்தான் ஆபத்தானது.

இன்னொரு ஒக்கி என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. அரபிக்கடல் சூடேறி வருகிறது. 2019-ல் மட்டும் அங்கே 5 புயல்கள் உருவாயின. 2021-ல் டவ்தே, 2023-ல் பிபர்ஜாய் என்று வரிசை நீள்கிறது. அதைவிடக் கவலை தருவது புயல்கள் வலுப்பெறும் வேகம். ஒக்கி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது நவம்பர் 29. மறுநாள் காலையில் அது புயல். 300 கடல் மைல் தொலைவில் நிற்கும் ஒரு விசைப்படகு மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் விரைந்தாலும் கரைசேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். கைபேசியும் சாதாரண வயர்லெஸ்ஸும் எட்டாத அந்தத் தொலைவில் நிற்பவருக்கு, கரையில் கொடி ஏற்றுவதாலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதாலும் என்ன பயன்? செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவிகள் ஒக்கிக்குப் பின் வந்தன. நல்லது. கருவி படகில் இருப்பது வேறு, அது வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் ஒருவர் சோதித்துப் பார்ப்பது வேறு. அந்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.

அரசுகள் செய்ய வேண்டியது தெளிவு. படகு எந்த மாநிலத்தில் பதிவானாலும், எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டாலும், ஏறியவர் ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் புறப்படும் நேரத்திலேயே பதிவாக வேண்டும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் முதல் குஜராத் வரை மேற்குக் கரை மாநிலங்கள் அனைத்தும் அந்த ஒரே ஏட்டைப் பார்க்க முடிய வேண்டும். சட்டத்தின் பொது விதிப்படி, காணாமல் போனவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டுகள் ஆகும். ஒக்கிக் குடும்பங்களுக்கு அரசு அதைத் தளர்த்தி இழப்பீடு தந்தது, போராட்டத்துக்குப் பிறகு. ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தில் உட்கார்ந்தா இதைப் பெற வேண்டும்? கடலில் காணாமல் போனவர்களுக்கென்று நிரந்தர விதி எழுதப்பட வேண்டும்.

திருச்சபையிடமும் கேட்க உரிமை இருக்கிறது. மீன் விற்ற காசில் கோயிலுக்குப் பங்கு கொடுக்கும் மக்கள் இவர்கள். வானளாவிய கோபுரங்களை அவர்கள் தந்த காசில்தான் எழுப்பினார்கள். அந்தக் கோபுரத்தின் கீழே ஓர் அறையை வானிலைச் செய்திக்கும் படகுத் தொடர்புக்கும் ஒதுக்கி, இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரவும் பகலும் ஆள் இருக்கச் செய்வது ஒரு பங்குப் பேரவைக்கு முடியாத காரியமல்ல. துயரம் வந்த பின் எழுதிய பட்டியலைப் படகு புறப்படும் முன்பே எழுதுங்கள். வேற்று மொழி பேசும், வேற்று மதத்தைச் சேர்ந்த தொழிலாளியின் பெயரையும் அதில் சேருங்கள். அவருடைய ஊர்த் தொலைபேசி எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். ஆயர்களும் மீன்வளத் துறை அதிகாரிகளும் படகு உரிமையாளர்களும் ஒரே மேசையில் உட்கார இன்னொரு புயல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.